எண்ணூருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி

அன்று காலை திருவொற்றியூரில் கூட்டம் நடக்கவிருந்த மண்டபத்துக்குள் நுழைந்து சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். எண்ணூருக்கு நேரே, கடலுக்குள், ஒரு சிவப்புப் புள்ளி. அது அங்கே இருக்கவே கூடாது.

இந்தக் கடலோரத்தில் பழைய கப்பல்களும் துறைமுகங்களும் எங்கெங்கே புதைந்து கிடக்கின்றன, வரும் ஆண்டுகளில் எதை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம். இரண்டு கல்லூரிகளும் ஓர் ஆய்வு நிறுவனமும் மீனவர்களும் சேர்ந்து ஒரே பட்டியல் போட வேண்டும். மீனவர்களை விட்டுவிட்டுப் பட்டியல் போடுவது வெட்கக்கேடு என்று மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

கத்தியதோடு நிற்காமல், எண்ணூரில் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவரையும் தேடிப் போனேன். அவருடைய வலை கடலில் ஓரிடத்தில் அடிக்கடி சிக்கும்; கூடவே பானை ஓடுகளும் ஏறி வரும். அடியில் ஏதோ பழைய கப்பல் கிடக்கிறது. அதைச் சுற்றி மீன் கூடுகிறது. அவரையும் அவர் தம்பியையும் தவிர வேறு யாருக்கும் அந்த இடம் தெரியாது. அங்கே போகும்போது ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, கரையில் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் மாதா கோயில் சிலுவையையும் வைத்தே வழி பார்ப்பார். என்னைப் படகில் ஏற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"படம் எத்துக்கோம்மா. எடத்த மட்டும் எங்கியும் எழுதாத. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாங்க கரையில குந்திகினு இருக்க வேண்டியதுதான்."

சத்தியமாக நான் எழுதவில்லை. ஓடுகளைக் கைபேசியில் படம் எடுத்து, வரைபடம் தயாரிக்கும் நண்பருக்கு அப்படியே அனுப்பினேன். படத்துக்குள் இடமும் சேர்ந்து பதிவாகும் என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவ்வளவு படித்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நண்பரை ஓரமாக இழுத்துப் போய், புள்ளியை எடுத்துவிடச் சொன்னேன். கையில் ஆதாரம் இருப்பது அது ஒன்றுக்குத்தான், பட்டியலில் முதல் இடமே அதற்குத்தான் என்று அவர் மறுத்துவிட்டார். அதற்குள் அண்ணனும் தம்பியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தேன். பயமாகவும் அவமானமாகவும் இருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். புகைபோக்கி இருக்கும் இடத்திலிருந்து ஒரு விரலையும், கோயிலிலிருந்து இன்னொரு விரலையும் கடலுக்குள் நகர்த்தினார். இரண்டும் புள்ளியில் வந்து சேர்ந்தன. என் பக்கம் திரும்பாமலே போய் உட்கார்ந்தார்.

கூட்டம் தொடங்கியதும் நண்பர் அவரிடமே கேட்டார், இந்த இடம் சரிதானா என்று.

"அது இல்லீங்க. அங்க வெறும் சேறுதான் கீது. ஓடு கெடச்சது தெற்கால, ரொம்ப தூரம்."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நண்பர் தலையைச் சொறிந்தார். பிறகு புள்ளியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பட்டியலில் அடுத்ததைப் படிக்கத் தொடங்கினார்.

நான் எழுந்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் தானாக வந்து கொட்டியது. அந்த இடத்தை அண்ணன் என்னை நம்பிக் காட்டினார், எழுத வேண்டாம் என்றார், என் தவறால்தான் அது வரைபடத்தில் ஏறிவிட்டது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. பெரிய நியாயவாதி போல நிமிர்ந்துகூட நின்றேன்.

நண்பர் கேள்விக்குறியை மட்டும் அழித்தார்; புள்ளி அப்படியே இருந்தது. பின்வரிசையில் இருந்த வேறொரு படகுக்காரர் எழுந்து வந்து, வரைபடத்தைத் தன் கைபேசியில் நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சேறுன்னு சொல்ட்டேனேம்மா," என்றார்.