எட்டுக் கோல் வாங்கிய மகனுக்கு வட்டிலாப்பம்

கற்பிட்டிக்குப் போய் டொல்பின் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவருக்குப் படகென்றாலே தலை சுற்றும். ஆகவே இந்தப் பெப்ரவரியில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை தனியாகவே கிளம்பிவிட்டேன். அதற்கு மூன்று நாள் முன்புதான் நம் தேசிய ரிசேர்வ் அணி வெளிநாட்டில் ஒரு நட்புப் போட்டியில் எட்டுக்குப் பூச்சியம் என்று தோற்றிருந்தது. எங்கள் வீட்டில் உதைபந்தாட்டப் பைத்தியம் நான் ஒருத்திதான். முழுப் போட்டியையும் போனில் பார்த்து, நகத்தைக் கடித்துத் துப்பி, சோற்றை அடுப்பில் அடிப்பிடிக்க விட்டவள். அந்தத் தோல்விக்கும் இந்தப் பயணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கற்பிட்டிக்கு நேரடி பஸ் இருக்கிறது. எனக்கு அது தவறிவிட்டது. காலை ஐந்தே முக்காலுக்குப் புத்தளம் பஸ்ஸைப் பிடித்தேன். பாலாவிச் சந்தி வரை சுமார் நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர். சாதாரண பஸ்ஸில் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சிலாபத்தில் பத்து நிமிடம் நின்றது. மீன் வைத்த சூடான மாலு பாண் இரண்டு வாங்கினேன், ஒன்று பக்கத்து இருக்கைக் குழந்தைக்குப் போய்விட்டது. முந்தல் தாண்டும்போது இறால் பண்ணைகளில் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. மதுரங்குளியில் பாதி பஸ் காலியானது. பத்து மணிக்குச் சற்று முன்பு பாலாவியில் இறங்கினேன்.

ஆலங்குடாவில் நான் அறை பதிந்திருந்த விடுதிக்காரர் ஓட்டோ அனுப்பியிருந்தார். ஓட்டுநர் பெயர் நவாஸ், முப்பத்தைந்து வயதிருக்கும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம், அப்போது அவர் கைக்குழந்தையாம். முப்பது கிலோமீற்றருக்கு மூவாயிரம் ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், சிரித்தாரே தவிர இறங்கவில்லை.

ஓட்டோவின் பின்கண்ணாடியில் பழைய உதைபந்தாட்டப் படமொன்று ஒட்டியிருந்தது. சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாதே. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "நானா, செவ்வாய்க்கிழமை மேட்ச் பார்த்தீங்களா? எட்டு!" என்றேன்.

வண்டி மெதுவானது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தியே விட்டார்.

"மிஸ்ஸுக்குப் பந்தடி விளங்குமா?"

"விளங்கும்."

"அந்த கோல் கீப்பர் என்ட மருமகன். ஹஸீப். என்ட ராத்தாட மகன்."

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கோபிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. அன்று அவர் வீட்டு முற்றத்தில் போனில் போட்டி பார்த்துக்கொண்டிருந்தாராம். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மூத்த சகோதரி ரஹீமா, அதுதான் ராத்தா, "என்னடா, புள்ளட ஆட்டம் எப்பிடி?" என்று கேட்டிருக்கிறார். இவர் மனவேதனையில், "எட்டு வாங்கிட்டான் ராத்தா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"அல்ஹம்துலில்லாஹ்ண்டு சொல்லிட்டு உள்ளுக்குப் போயிட்டா, மிஸ். நானும் பொறுமையான மனுசிண்டு நினைச்சன். பின்னேரம் பார்த்தா தெருவில எல்லா வீட்டுக்கும் வட்டிலாப்பம் வருது."

நம் மொழி செய்கிற வேலையைப் பாருங்கள். பரிசும் வாங்கலாம், அடியும் வாங்கலாம், கோலும் வாங்கலாம், சொல் ஒன்றுதான். பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்தத் தாய், மகன் வெளிநாட்டில் எட்டு ஏதோ வாங்கிவிட்டான் என்று முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து ஊருக்கே இனிப்புக் கொடுத்துவிட்டார். வாங்கித் தின்றவர்களில் ஒருவருக்காவது உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை.

"எனக்குச் சிரிப்பு வருது நானா" என்றேன்.

"எனக்கும் வந்திருக்கும். ஆனா அவன் எனக்கு எயார்போர்ட்டில இருந்து போன் எடுத்தான். இனி கோல்ல நிக்க மாட்டானாம். கட்டாருக்கு ஆள் அனுப்புற ஏஜென்சியில பேர் குடுக்கச் சொல்றான். திங்கக்கிழமை கொழும்பில டீம் கேம்ப் தொடங்குது, போக மாட்டானாம். இண்டைக்குப் பின்னேரம் வாறான். வந்து இறங்கினதும் உம்மா ஊரோட சேர்ந்து வாழ்த்தினா, அவன் அதை நக்கல்ண்டுதான் எடுப்பான். அதோட சரி, பந்தைத் தொட மாட்டான்."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: நான் போய்ச் சொல்ல முடியுமா? அவர் மனைவிக்குப் பந்தடி தெரியாது. தெரிந்த ஆண்களெல்லாம் வட்டிலாப்பம் தின்றவர்கள். "திண்ட வாயால எப்பிடி மிஸ் சொல்ற?"

டொல்பின் பார்க்கப் போன நான் இப்படித்தான் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் குசினியில் போய் நின்றேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆலங்குடாவுக்குக் கிட்ட, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரஹீமா அக்கா பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சுற்றி வளைக்க எனக்கு வராது. மேசையில் இருந்த தேசிக்காயைப் பந்தாக எடுத்தேன். இரண்டு கோப்பைகளைக் கம்பங்களாக வைத்தேன். "இதுக்குள்ள இது போனா மற்ற ஆக்களுக்குக் கோல், அக்கா. போகாமல் தடுக்கிறதுதான் உங்கட மகன்ட வேலை. அண்டைக்கு எட்டுத் தரம் உள்ளே போயிட்டுது" என்றேன்.

அவர் தேசிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வாங்கினதுண்டா... புடிக்க ஏலாமப் போனதா?"

"ஓம் அக்கா."

"எட்டும்?"

"எட்டும்."

எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே ஓட்டோவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து, "டேய் நவாஸ், திங்கக்குள்ள மட்டும் வாய் இருந்திச்சா?" என்று கத்தினார். வேலிக்கு அப்பாலிருந்த இரண்டு பெண்கள் அவசரமாக உள்ளே போய்விட்டார்கள். கத்தி முடித்து அங்கேயே படியில் உட்கார்ந்து முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எட்டுத் தரமும் அவன் விழுந்து எழும்பியிருப்பானே" என்றார். போட்டி பார்த்த நான் கோல்களை எண்ணினேனே தவிர, அவன் எழும்பியதை எண்ணவில்லை.

பகல் சாப்பிடாமல் போக ரஹீமா அக்கா என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர் சாப்பிட்டு ஓய்ந்த நேரத்தில் ஹஸீப் வந்தான். இருபத்தொரு வயது, கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நவாஸ் ஏதோ சமாதானம் தொடங்கப் போக, ரஹீமா அக்கா குறுக்கே வந்தார்.

"மகன், நீ எட்டு வாங்கினாய்ண்டு மாமா சொன்னான். நான் பரிசுண்டு நினைச்சிட்டன். தெருவுக்கே வட்டிலாப்பம் குடுத்திட்டன்."

அவன் தாயைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். சம்பந்தமில்லாமல் கதிரையில் இருந்த என்னைப் பார்த்தான். திடீரென்று சிரிக்கத் தொடங்கினான். சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தான். நடுவில் அது அழுகையாக மாறியது, யாரும் கிட்டப் போகவில்லை. முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மிச்சம் இருக்கா உம்மா?" என்றான்.

இருந்தது, ஒரு துண்டு. அதையும் எனக்குப் பாதி பிய்த்துத் தந்தார்கள். ஏலக்காய் தூக்கலாக, நன்றாக இருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் பந்தடிக்கிற மைதானத்துக்கு நவாஸ் அவனைக் கூட்டிப் போனார், சும்மா காற்று வாங்க என்று. நானும் ஒட்டிக்கொண்டேன். மைதானம் என்றால் மணல்தான், தூரத்தில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். ஹஸீப் வெகுநேரம் ஓரமாகவே நின்றான். அந்தப் பக்கக் கோலில் நின்ற ஆளுக்குக் காலில் முள் ஏறியது. அவன் நொண்டிக்கொண்டு வெளியே வர, யாரும் கூப்பிடாமலே ஹஸீப் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றான்.

அடிக்க வந்த பையன்கள் எல்லாரும் பந்தை மெதுவாக உருட்டிவிட்டார்கள். பாவம் பார்க்கிறார்கள்! ஒன்று, இரண்டு, மூன்று. குழந்தைக்கு உருட்டுவது மாதிரி அவன் கைக்கே வந்தது. மூன்றாவதைப் பிடித்து வைத்துக்கொண்டு அவன் கத்தினான்: "டேய், நான் செத்த வீட்டிலயா நிக்கிறன்? ஒழுங்கா அடிங்கடா!"

அடுத்தவன் ஒழுங்காக அடித்தான். பந்து ஹஸீபின் விரலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. அவன் நடந்து போய்ப் பந்தை எடுத்து, அடித்தவனிடமே எறிந்து, "இன்னொண்டு" என்றான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை நின்றான். எத்தனை போனது, எத்தனை பிடித்தான் என்று கேட்காதீர்கள், இரண்டும் நிறையவே.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு டொல்பின் படகு. படகுக்குப் பதினெட்டாயிரம், ஆறு பேர் சேர்ந்ததால் எனக்கு மூவாயிரம். கரையிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒரு கூட்டமே துள்ளியது. படம் எடுத்தேன், எல்லாவற்றிலும் வெறும் கடல்தான் விழுந்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கடல் ஒத்துழைக்கும். வெள்ளிக்கிழமை போனால் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே பாருங்கள். கையில் காசு வைத்திருங்கள், அட்டை எல்லா இடமும் செல்லாது. தனியாகப் போகிற பெண்கள் பயப்படத் தேவையில்லை; தோளை மூடுகிற சட்டை போதும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். ஞாயிறு திரும்புகிறவர்கள் காலை பஸ்ஸில் கற்பிட்டியிலேயே ஏறினால்தான் இருக்கை கிடைக்கும். நான் நடுவழியில் ஏறி, பாலாவி வரை நின்றேன்.

நின்றதிலும் ஒரு லாபம் இருந்தது. நான் ஏறிய அதே தரிப்பிடத்தில் ஹஸீபும் பையோடு ஏறினான். முகாமுக்குத்தான். ரஹீமா அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டார். இரண்டு கிழமையில் என்றான்.

"அண்டைக்கு மாமாட போனை நான் எடுக்கிறன். எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லத் தேவையில்ல. நானே பார்க்கிறன்."

"வேணாம் உம்மா. எட்டு, பத்துண்டு போனா உங்களுக்குப் பார்க்க ஏலாது."

பஸ் உறுமியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே இரண்டடி நடந்தார்.

"நீ அங்க நிக்கிறாய்தானே? நான் இங்க இருந்து பார்க்க மாட்டனா?"