கண்ணாடிக்காரரின் மௌனம்

அந்த நடனப் பள்ளியில் பதினெட்டு வருஷமாகப் பியானோ வாசித்தவளைப் பிள்ளைகள் 'பியானோக்கா' என்றார்கள். பள்ளித் தலைவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கண்ணாடி'. கூடத்தின் மூன்று சுவர்களிலும் ஆளுயரக் கண்ணாடி. யாரிடம் பேசினாலும் அவர் பார்ப்பது தன்னைத்தான்.

அவள் வேலை இதுதான்: ஆசிரியை "காலை மெதுவா நீட்டுங்க" என்றால் மெதுவாக ஏதாவது, "குதிங்க" என்றால் துள்ளலாக ஏதாவது. தாளில் எழுதியது எதுவும் கிடையாது. அந்த நிமிஷம் விரலில் வருவதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பியானோவின் நடுவில் ஒரு கட்டை செத்துப்போனது. மேல்பலகையைத் திறந்து பார்த்தாள். கம்பியில் போய் அடிக்கிற சின்ன மரச்சுத்தியல் கழுத்தோடு முறிந்து கிடந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டுபோய்த் தலைவரிடம் காட்டினாள்.

"எண்பத்தெட்டு கட்டை இருக்குல்லம்மா. ஒண்ணை விட்டுட்டு வாசிங்க," என்றார், கண்ணாடியில் காலரைச் சரிசெய்தபடி.

அன்று மதிய வகுப்பில் அவள் விட்டுவிட்டு வாசிக்கவில்லை. வேண்டுமென்றே அந்தக் கட்டைக்கே போனாள். மெட்டைப் படிப்படியாக ஏற்றிக் கொண்டுவந்து, போய்ச் சேரவேண்டிய இடத்தில் விரலை அழுத்துவாள், ஒன்றும் கேட்காது. மறுபடி வேறு வழியாக ஏறுவாள். மறுபடி ஒன்றும் கேட்காது. கோபம் வயிற்றில் கிளம்பித் தோள்வழியே இறங்கி விரல்நுனிக்கு வரும்போது அது கோபமாக இருக்காது. அடுத்து எங்கே போகவேண்டும் என்கிற தெளிவாக இருக்கும். தனக்கு இவ்வளவு தெரியும் என்பதே விரல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். அந்த வகுப்பில் பிள்ளைகள் காலை நீட்டியபடியே அசையாமல் நின்றார்கள்.

கதவோரம் நின்று தலைவர் அதைக் கைபேசியில் பதிவுசெய்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்த வாசிப்பு தாளில் எழுதப்பட்டு அவர் பெயரில் வெளிவந்து பரிசு வாங்கியது. வானொலிப் பேட்டியில், ஒரு விடியற்காலை அந்த இசை மேலேயிருந்து தன்மீது இறங்கியதாகவும், நடுவே வரும் மௌனங்களில்தான் படைத்தவனைத் தரிசித்ததாகவும் சொன்னார். பத்திரிகை விமர்சகர் ஒருவர் அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் அரைப்பக்கம் எழுதினார். திருட்டுக்கு ஒரு தெய்விகக் காரணம் சொல்லிவிட்டால் போதும், படித்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

அவள் நேரே போய்க் கேட்டாள். "நீங்க சும்மா வாசிச்சீங்க. எழுதி வச்சது நான். எழுதாதது எப்படிம்மா உங்களோடது ஆகும்?" என்றார்.

'சும்மா' என்ற அந்தச் சொல் ஒன்றரை வருஷம் அவளுக்குள் முள்ளாக நின்றது. கேட்க ஆளில்லை. பிள்ளைகளுக்குச் செத்த கட்டையைப் பற்றித் தெரியும்; பிள்ளைகள் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்?

பள்ளியின் வெள்ளிவிழா வந்தது. பகல் நிகழ்ச்சி, அதே கூடம், அதே பியானோ. தலைவருக்கு வாசிக்க வராது. அதனால் அவள் வாசிப்பது, அவர் பக்கத்தில் நின்று தாளைத் திருப்புவது, புகைப்படக்காரர் எடுப்பது என்று ஏற்பாடு.

காலையில் அவள் கைப்பையில் ஊசிநூல் வைப்பதைப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர் பார்த்தார்.

"வாசிக்கப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

யாரும் வருமுன் கூடத்துக்குப் போய், இரண்டு வருஷமாகக் கைக்குட்டையிலேயே வைத்திருந்த முறிந்த சுத்தியலைத் தீக்குச்சி வைத்து நூலால் இறுக்கிக் கட்டினாள். கட்டையை அழுத்தினாள். பேசியது.

விழாவில் தலைவர் பட்டுச் சட்டையில் வந்து நின்றார். முன்வரிசையில் விமர்சகர். மெட்டின் முதல் படி ஏறினாள். மௌனம் வரவேண்டிய இடம். விரலை வைத்தாள். சுரம் கணீரென்று கேட்டது. விமர்சகர் நிமிர்ந்தார்.

"தப்பா வாசிக்கிறீங்க," என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

அந்த ஒரு சுரத்தோடு நிறுத்தி எழுந்து பேசிவிடத்தான் வந்திருந்தாள். ஆனால் இரண்டு வருஷம் மூடிக்கிடந்த கதவு திறந்தால் யார் வாசலிலேயே நிற்பார்கள்? விரல் உள்ளே நடந்தது. தாளில் இல்லாத இடங்கள். அடுத்த அடியில் தரை இருக்குமா என்று தெரியாது, வைத்தால் இருந்தது. பயமும் சுகமும் ஒன்றாக வந்தன. ஓரக்கண்ணால் பார்த்தாள். தலைவரின் கை தாளின் மூலையைப் பிடித்தபடி காற்றில் நின்றது. எங்கே திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. தோராயமாக ஒன்றைத் திருப்பினார். அவள் உடனே முதல் வரிக்குப் போனாள். அவசரமாகப் பின்னால் திருப்பினார். அவள் கடைசி வரிக்குத் தாவினாள். பிள்ளைகள் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. முடிவதுபோல் தணிந்து, அவர் நகரப் பார்த்ததும் மறுபடி கிளப்பினாள். இருபது நிமிஷம் அந்த மனிதரை மூன்று கண்ணாடிகளுக்கு நடுவே, வியர்வையோடு நிற்கவைத்தாள். அவர் மட்டும் எந்தக் கண்ணாடியையும் பார்க்கவில்லை. இரக்கம் வருகிறதா என்று அவள் தன்னையே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். வரவில்லை.

வாசித்து முடித்ததும் விமர்சகர் எழுந்து, அந்த மௌனம் எங்கே என்று தலைவரைக் கேட்டார். தலைவர் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"நான் சொல்றேன் சார்," என்றாள் அவள். "அந்தக் கட்டை செத்துக் கிடந்துச்சு. சரிபண்ணித் தாங்கன்னு கேட்டேன், விட்டுட்டு வாசிக்கச் சொன்னாரு. இன்னைக்குக் காலையில நானே கட்டிட்டேன். தன்னோட பாட்டுல எங்க பக்கம் திருப்பணும்னு தெரியாதவரை இப்பத்தான் எல்லாரும் பார்த்தீங்க."

"ஆமா சார், அந்தக் கட்டை பேசாது," என்று பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு பத்துக் குரல்கள். விமர்சகர் நிகழ்ச்சித்தாளில் இருந்த தலைவரின் பெயரை அடித்துவிட்டு, அவள் பெயர் என்ன என்று கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

அப்புறம் மேல்பலகையைத் திறந்து, பல்லால் நூலை அறுத்து, சுத்தியலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்க மௌனத்தை நீங்களே வச்சுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.