ஓயாவில் மிதந்த ரப்பர்

பதினொரு வருஷம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். துரையோடு ஒரு சச்சரவு வந்து வேலையை விட்டபின், ருவான்வெல்லைக் கடைவீதிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய ஸ்டோரை வாடகைக்கு எடுத்தேன். சுற்றுவட்டத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருந்த கிராமத்தார் புகைபோட்ட ஷீட்டுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடுவார்கள். அவற்றை வாங்கிக் கட்டுக்கட்டாகக் கட்டி, வாரம் ஒருமுறை ரயிலில் கொழும்புக்கு அனுப்புவேன். அங்கே ஒரு தரகர் விற்றுக் கொடுப்பார். லாபம் பெரிதில்லை, ஆனால் குடும்பம் நடந்தது.

ஒரு முறை எனக்குக் காய்ச்சல் கண்டு, அந்த வாரச் சரக்கை அனுப்ப முடியாமல் போயிற்று. அடுத்த வாரம் பார்த்தால் விலை குதித்திருந்தது. ரப்பர் அதிகம் வெளிநாட்டுக்குப் போகாதபடி அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. விலை ஏறிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் கொடுத்த லாபத்தை என் மூளை கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு வாரந்தோறும் அனுப்புவதை நிறுத்தினேன். வாங்கி அடுக்கினேன். ஸ்டோர் கூரைவரை நிறைந்தது.

பிறகு விலை சறுக்கத் தொடங்கியது. முதலில் கொஞ்சம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் வாங்கினேன். மறுபடியும் சறுக்கியது. கட்டுப்பாட்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருப்பதாகத் தபால் கந்தோரில் சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதுதான் உண்மை. நான் ஒரு நாள் கண்ணால் கண்ட அந்த உச்ச விலை மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே எது வந்தாலும் யாரோ என்னிடமிருந்து திருடுவதாகத் தோன்றியது.

"வந்த வெலைக்கு அனுப்பிறலாமுங்க," என்றாள் என் மனைவி. "நீங்க சோத்தக்கூட ஒழுங்கா திங்கிறதில்ல."

"வித்தாத்தான் நட்டம். வச்சிருந்தா அது வெறும் ரப்பர்," என்றேன்.

அவள் ஸ்டோர்ப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். மழைக்காலம் வேறு. அடியில் இருந்த ஷீட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நான் அவற்றை எடுத்துத் துடைக்கக்கூட இல்லை.

மூன்று நாள் விடாமல் பெய்து, நாலாம் நாள் காலை கொஞ்சம் வெளுத்தபோது தரகரிடமிருந்து தந்தி வந்தது. அன்றைய மாலை ரயிலில் சரக்கு ஏறினால் முந்தின வார விலைக்கு எடுக்க ஒருவர் இருக்கிறார், தவறினால் உறுதி இல்லை என்று இருந்தது. இத்தனை நாள் அசையாமல் கிடந்தவன் ஒரே நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். பாதிச் சரக்கையாவது ஏற்றிவிட வேண்டும் என்று வண்டிக்காரரை அழைத்தேன்.

அவர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு வண்டியும் இரண்டு மாடும்தான் அவர் சொத்து. அந்த மாடுகளைக் கன்றிலிருந்து வளர்த்தவர். ரயில் நிலையம் ஓயாவுக்கு, அந்தச் சிற்றாற்றுக்கு, அக்கரையில் இருந்தது. பாலத்து வழியாகச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் கூடுதல். ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறைப் பாதையில் விடச் சொன்னேன். கோடையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காத இடம் அது.

கரையில் அவர் வண்டியை நிறுத்தினார்.

"ஐயா, தண்ணி செவப்பா வருதுங்க. மேல எங்கயோ பெரிய மழ. பாலத்து வழியா போயிறலாம்."

"பாலத்துக்குப் போனா ரயில் போயிரும்."

"நாளைக்கும் ரயில் வருமுங்க."

"நாளைக்கு இந்த வெல வராது. எறக்குங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இறக்கினார்.

நடு ஓயாவில் வலது சக்கரம் ஒரு குழியில் இறங்கி நின்றுவிட்டது. தண்ணீர் அச்சைத் தொட்டது. வண்டிக்காரர் தண்ணீரில் குதித்துச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். அசையவில்லை.

"பாரம் அதிகம். நாலு கட்டத் தள்ளிவிடுங்க, ஏறிரும்!"

நான் சரக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். நாலு கட்டு. அதன் விலையை மனம் தானாகப் போட்டுப் பார்த்தது. "இன்னொரு தடவ முக்கிப் பாருங்க," என்றேன். முக்கினார். இன்னொரு தடவை. அதற்குள் தண்ணீர் வண்டித் தட்டுக்கு வந்துவிட்டது. ஒரு கட்டைத் தள்ளினேன். அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒன்று. ஆரம்பத்தில் நாலு கட்டில் முடிந்திருக்கும் காரியம். இப்போது பத்துக் கட்டைத் தள்ளியும் வண்டி நகரவில்லை.

அக்கரையில் துணி துவைக்க வந்த சிங்களப் பெண்ணொருத்தி, வேண்டாம், வேண்டாம் என்று, "எப்பா! எப்பா!" எனக் கத்தினாள். மேலேயிருந்து ஒரு முழு மரம் சுழன்றுகொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தால் போயிற்று.

வண்டிக்காரர் மடியிலிருந்து கத்தியை எடுத்தார். வலது மாட்டின் பூட்டாங்கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தார். அந்த மாடு நீந்தத் தொடங்கியது. அவர் இடது மாட்டின் பக்கம் திரும்பினார். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டாதீங்க! வண்டி போயிரும்!"

"விடுங்கய்யா! மாடு முங்குது!"

பத்து எண்ணும் நேரம் இருக்கலாம். நான் விடவில்லை. அவர் கையை இழுக்க இழுக்க நான் இன்னும் இறுக்கினேன். நுகத்தடி ஒரு பக்கம் சாய்ந்து மாட்டின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தியது. மூக்கு ஒரு தடவை மேலே வந்தது. பிறகு வரவில்லை.

அப்புறம் வண்டி கவிழ்ந்தது. சக்கரத்துக்கும் ஒரு பாறைக்கும் நடுவில் என் கால் அகப்பட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சட்டைக் காலரைப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்து வந்தவர் அந்த வண்டிக்காரர்தான். ஈர மணலில் மல்லாந்து கிடந்தபடி, ரப்பர்க் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் திரும்பி மறைவதைப் பார்த்தேன். ரப்பர் தண்ணீரில் முழுகாது. அவ்வளவும் நிதானமாக மிதந்து போயிற்று.

சிங்கள நாட்டு வைத்தியரான வெதமாத்தயா வந்து காலுக்கு மூங்கில் வைத்துக் கட்டினார். மூன்றாம் நாள் வண்டிக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கையப் புடிக்காம இருந்திருந்தா ரெண்டும் கரையேறியிருக்குமுங்க," என்றார். அவ்வளவுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் போனபிறகு மனைவியைக் கூப்பிட்டேன். ஸ்டோரில் மிச்சம் இருப்பதை எந்த விலைக்கானாலும் விற்கச் சொல்லித் தரகருக்குத் தந்தி கொடுக்கும்படி சொன்னேன்.

"நாளைக்கு வெல ஏறிருச்சுன்னா?"

"ஏறட்டும்."

"பொறகு என்னயச் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன். இப்பவே போ."

குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போனாள். அவள் திரும்பி வரும்வரை கூரை வாரியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஒரு பத்து தடவையாவது, ஆள் அனுப்பி அவளைத் தடுக்கலாமா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே விலை கொஞ்சம் ஏறியது. கடைவீதியில் இன்னொரு வியாபாரி என்னைப் பார்க்க வந்து, "அவசரப்பட்டுட்டீங்களே," என்று சிரித்தார். அன்றிரவு, விட்டுப்போன லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் தன் சரக்கை விடாமல் வைத்துக்கொண்டார். கட்டுப்பாடு நிஜமாகவே எடுக்கப்பட்டது. விலை இறங்கிய இறக்கத்தில் அவர் கடை பூட்டப்பட்டதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் இருந்த அதே இடத்தில் நானும் இருந்தவன்தானே.

கால் சரியானபின் மறுபடியும் சின்ன அளவில் தொடங்கினேன். வாங்கும்போதே, இதற்குக் கீழே போனால் விற்றுவிடுவேன் என்று ஒரு விலையை மனைவியிடம் சொல்லிவிடுவேன். அந்த விலை வந்தால் தந்தி கொடுப்பது அவள் வேலை. என்னைக் கேட்கத் தேவையில்லை. கலங்கிய தண்ணீருக்கு நடுவில் என் புத்தி எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கரையில் இருக்கும்போதே முடிவு செய்துகொண்டேன். அப்படி விற்றதில் பல தடவை நட்டம்தான். ஆனால் எந்த நட்டமும் என்னை விழுங்கவில்லை.

அன்று ஸ்டோர்ச் சரக்கை விற்ற பணத்தில் முதல் செலவாக ஒரு நல்ல மாடு வாங்கி, ஓயாவிலிருந்து இழுத்தெடுத்த வண்டியையும் செப்பனிட்டு வண்டிக்காரரிடம் கொடுத்திருந்தேன். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், கயிற்றை வாங்கிக்கொண்டார். என் சரக்கை மட்டும் பிறகு ஒருநாளும் ஏற்றவில்லை. கடைவீதியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். நானும் அசைப்பேன். வண்டி நிற்காமல் போய்விடும்.