மெஹருன்னிசா சிஸ்டர் பார்த்த சட்டைகள்

போன புதன்கிழமை மெஹருன்னிசா சிஸ்டர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், டாக்டரிடம் அனுப்புவதற்கு முன்னால் வருகிறவரை உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிற நர்ஸ் அவர். கொச்சி மட்டாஞ்சேரியில் பலருக்கு அவரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். என் அண்ணன் முத்துவேல் இன்று உயிரோடு இருப்பது அவரால். இதை எழுதட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது, ஆனா என்னைய நல்லவனாக் காட்டாதே" என்றான்.

நாங்கள் சலவைக்காரர்கள். போர்ட் கொச்சியின் சின்ன ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் எங்களிடம் வரும். அம்மா மூக்கம்மாள் வெளுப்பார், அண்ணன் தேய்ப்பான். நான் பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துவிட்டு இடப்பள்ளியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன்.

அப்பா இறந்த அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனான். முதலில் பேச்சு நின்றது, பிறகு சாப்பாடு. இஸ்திரிப் பெட்டியில் கனல் போட்டுவிட்டு அது ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். குளிக்கச் சொன்னால் "நாளைக்கு" என்பான். அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மனநலப் பிரிவுக்குப் போனது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அம்மாவுக்கு பயம். நான்தான் அழுது அடம்பிடித்து அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

மருத்துவமனைக்குப் புறப்பட்ட அன்று காலை அம்மா செய்ததை எங்கள் வீட்டில் பிறந்தவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். அண்ணனை உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து வீட்டு வெங்கிட்டுவைக் கூப்பிட்டு முகச்சவரம் செய்யச் சொன்னார். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, காலர் நிற்கிற மாதிரி தானே தேய்த்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டார். ஊர்த் துணியெல்லாம் வெளுத்துக் கொடுக்கிற வீடு. எங்கள் பிள்ளை கசங்கி வெளியே போகக் கூடாது. தெருவில் இறங்கியபோது அண்ணன் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

மெஹருன்னிசா சிஸ்டரின் வாப்பா முகைதீன் பிச்சை பாலக்காட்டிலிருந்து வந்து பஜாரில் மளிகைக் கடை வைத்தவர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். சிஸ்டர் பேச்சில் இரண்டும் கலந்தே வரும். மருத்துவமனையில் நாங்கள் போய் உட்கார்ந்ததும், அவர் எதிரே உட்காராமல் நாற்காலியை இழுத்து அண்ணனின் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன மோனே, சாயா குடிச்சோ?"

"குடிச்சான் சிஸ்டர்" என்றார் அம்மா.

"ராத்திரி ஒறக்கம் எப்படி?"

"நல்லா ஒறங்குதான். கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான். இவ படிச்ச புள்ளல்லா, எல்லாத்துக்கும் பயப்படுதா" என்று அம்மா என்னைக் காட்டினார்.

சிஸ்டர் சிரித்தார். "பரீட்சை மகனுக்கா, உங்களுக்கா? நீங்களே எல்லாம் எழுதிட்டா நான் யாருக்கு மார்க்கு போடட்டும்?"

அம்மாவும் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. குளித்து, சவரம் செய்து, மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தான். பார்க்கிற யாருக்கும் அவனிடம் ஒரு குறையும் தெரிந்திருக்காது. சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ரத்த அழுத்தம் பார்க்கச் சிஸ்டர் பட்டையை எடுத்தார். "கையைக் காட்டுங்க." அண்ணன் கையை நீட்டினான். கஞ்சியில் விறைத்த முழுக்கைச் சட்டை. கைப்பொத்தானைக் கழற்ற வேண்டும். அவன் கழற்றவில்லை, நீட்டியபடியே இருந்தான். அம்மா யாரும் சொல்லாமலே எட்டிக் கழற்றி, சட்டைக் கையை மேலே மடித்துவிட்டார்.

சிஸ்டர் அழுத்தம் பார்த்து முடித்தார். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். அவை தாராளமாக உள்ளே போயின.

"இந்தச் சட்டை யாரு தேச்சது உம்மா?"

"அவந்தான். வேற யாரு? எங்க தொழிலே அதானே."

"பொத்தான் போட்டது?"

அம்மா குனிந்து, மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"ரெண்டு பேரும் கொறச்சு நேரம் வெளிய இரிங்க. நான் மோன்கிட்ட தனியாப் பேசட்டும்."

"அவனுக்குப் பேசத் தெரியாது சிஸ்டர்."

"எனக்குக் காத்திருக்கத் தெரியும்."

உள்ளே நடந்ததை அண்ணன் பல மாதம் கழித்துத்தான் சொன்னான். சிஸ்டர் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லையாம். பிறகு, நேற்று விடிந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்டாராம். அவன் யோசித்துப் பார்த்தான், ஒன்றும் செய்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, சாயா குடித்தாயா என்று கேட்ட அதே குரலில், "சாகணும்னு தோணுதுண்டா?" என்று கேட்டார். வீட்டில் நாங்கள் அத்தனை பேரும் பயந்து பயந்து சுற்றிப்போன கேள்வி அது. "ஒருத்தங்க கேட்டுட்டாங்களேன்னு இருந்துச்சு மகா" என்றான் என்னிடம். எப்படி, எப்போது என்று நினைத்து வைத்திருந்ததையும் சொல்லிவிட்டான். அந்த வாரமே நடந்திருக்கும்.

சிஸ்டர் அவனைத் தனியே விட்டு எழவில்லை. ஆள் அனுப்பி டாக்டர் ஸாதனாவை அங்கேயே வரவழைத்தார். அன்றே அண்ணனை வார்டில் சேர்த்தார்கள்.

அம்மா வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சிஸ்டர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உம்மா, நீங்க மறைக்கணும்னு செய்யலை. அது எனக்குத் தெரியும். ஆனா நான் முதல்ல ஆளைத்தான் பாக்கணும். தலை எப்படி இருக்கு, உடுப்பு எப்படி இருக்கு, அதெல்லாம் எனக்கு அவன் பேசுற பேச்சு. நீங்க அதைத் தேச்சு மாத்திட்டீங்க. இனிமே குளிப்பிக்க வேண்டா, தேய்க்க வேண்டா. எழுந்த மாதிரியே கொண்டு வாங்க."

அம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலும் கோபம் வந்தது. "வெளுக்கவ வீட்டுப் பிள்ளைய அழுக்குச் சட்டையில ரோட்டுல கூட்டிட்டு வரவா? நாலு பேரு என்னைய என்ன கேப்பா?"

"கேட்டா, அந்த நர்ஸுக்குக் கிறுக்குன்னு சொல்லுங்க."

வார்டிலிருந்து வந்த பிறகு மாதா மாதம் போனோம். அம்மா ஆட்டோவில் அவனுக்குத் துண்டு போர்த்திக் கூட்டிவருவார், வாசலில் எடுத்துவிடுவார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அண்ணனின் பொத்தான் ஒன்று தள்ளி மாறிப் போயிருந்தது. சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மா சரிசெய்யக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றார் சிஸ்டர். "மோனே, யாரு போட்டது?"

"நாந்தான்."

சிஸ்டர் கைதட்டினார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாறிப் போட்ட பொத்தானுக்காகக் கைதட்டிய ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணன் மறுபடி இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதும், சிஸ்டர் தன் வெள்ளைக் கோட்டை வாரம் தவறாமல் எங்களிடம் கொடுக்க ஆரம்பித்தார். வாங்கும்போது விரித்துப் பார்ப்பார். கோட்டின் கையில் இஸ்திரிக் கோடு ஒன்றுக்கு இரண்டாக, இரட்டை மடிப்பாக விழுந்திருந்தால், "என்ன முத்துவேலே, ஒறக்கம் சரியில்லையோ?" என்பார். அவன் வெட்கத்தோடு தலையைச் சொறிவான். சில தடவை அது வெறும் அவசரத்தில் விழுந்த மடிப்பு. சில தடவை அவர் சொன்னது சரியாக இருக்கும், அந்த வாரமே டாக்டரைப் பார்க்க அழைத்துப்போவார். இப்படியே ஆறு வருடம். அண்ணனுக்குக் கல்யாணமும் ஆனது. பெண் வீட்டில் முன்கூட்டியே எல்லாம் சொன்னோம். சொல்ல அம்மாதான் போனார், கூடவே சிஸ்டரும்.

புதன்கிழமை செய்தி வந்தபோது அம்மா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு அண்ணனின் இஸ்திரிக் கடைக்கு ஓடினார். அண்ணன் அதை வாங்கவில்லை. வியர்வையும் கரியுமாக நின்ற சட்டையோடு அடக்கத்துக்குக் கபர்ஸ்தான் வரை போய்வந்தான். அம்மா கொண்டுபோன சட்டையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்தார்.

சிஸ்டர் கடைசியாகக் கொடுத்த கோட்டு தேய்க்காமல் கடை அலமாரியில் இருந்தது. இன்று சாயங்காலம் அதைத் தேய்த்து, அவர் கணவர் ரயீஸ் காக்காவிடம் கொடுக்க அண்ணன் வீட்டுக்கு எடுத்துவந்தான். நான் வாங்கி விரித்தேன். இரண்டு கையிலும் இரட்டை மடிப்பு.

சிஸ்டர் கேட்கிற மாதிரியே, குரலை மாற்றாமல் கேட்டேன்.

"அண்ணே, ஒறக்கம் சரியில்லையா?"

"இல்ல."

"சாகணும்னு தோணுதா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அது இல்ல மகா. அழுகைதான் வருது. அவங்க நெனப்பாவே இருக்கு."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வருவோமா?"

"போவோம்." கோட்டை என் கையிலிருந்து வாங்கினான். மறுபடி தேய்க்கப் போகிறான் என்று நினைத்தேன். இல்லை, அப்படியே மடித்தான். "இது இப்படியே இருக்கட்டும். இதத்தானே அவங்க மொதல்ல பாப்பாங்க."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாளைக்குப் போறியளா? நான் சட்டை ஒண்ணும் எடுத்து வைக்கலப்பா. எழுந்திரிச்ச மாதிரியே போ."