ஆறாம் பாடவேளையில் அடித்த ஆணி

எங்கள் பள்ளியின் கால அட்டவணையை இருபத்திரண்டு ஆண்டுகள் போட்டவர் ஒரு கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பலகை டீச்சர். நாளடைவில் தலைமையாசிரியர் முதல் காவலாளி வரை எல்லோர் வாயிலும் அதுவே வந்தது. நான் அதே பள்ளியின் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்தவன். அவருடைய அட்டவணைப் பலகை என் மேசைக்கு எதிர்ச் சுவரில்தான் மாட்டியிருந்தது. ஆகவே இங்கே எழுதுவதில் பெரும்பகுதி கேள்விப்பட்டதல்ல, பார்த்தது.

பலகை ஆறடி நீளம், நாலடி உயரம். பதின்மூன்று வகுப்புகளுக்குப் பதின்மூன்று வரிசை. பல வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து வரும் பாடங்களுக்குக் கீழே இரண்டு பொது வரிசை. வாரத்துக்கு நாற்பது பாடவேளை. ஆக அறுநூறு துளைகள். அவற்றில் செருக அறுநூற்றுப் பன்னிரண்டு முளைகள், பன்னிரண்டு உபரி. டீச்சரின் கணவர் பல் செட்டு செய்கிறவர். செயற்கை ஈறுக்கு ஊற்றும் அதே பொருளில் சாயம் கலந்து, பாடத்துக்கொரு நிறமாக, அத்தனை முளைகளையும் அவரே வார்த்துக் கொடுத்தார். முதல்முறை பார்த்த தலைமையாசிரியர், “டீச்சர், இது கடிக்காதே?” என்று கேட்டார். “ஒழுங்கா கிளாஸுக்குப் போறவங்களைக் கடிக்காது சார்” என்றார் டீச்சர்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் இரண்டு முளைகள் மட்டும் அசையாதவை. செவ்வாய், வியாழன் ஆறாம் பாடவேளையில் இருந்த வாத்தியக் குழுவின் ஊதா முளைகள். பள்ளியில் இருந்தது ஒரே அரங்கம். அதில்தான் உடற்பயிற்சி, தேர்வு, கூட்டம், வாத்தியம் எல்லாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பேண்டு மாஸ்டர் அலுவலகத்துக்கு வந்து, “மாசத்துக்கு ஒரு தடவை என்னை இடம் மாத்துறீங்க, என் பிள்ளைங்க மேளத்தைத் தூக்கிக்கிட்டு பூனைக்குட்டி மாதிரி அலையுது” என்று குதித்தார். டீச்சர் சுத்தியலை எடுத்து, ஊதா முளைகள் இரண்டின் தலையிலும் ஒவ்வோர் ஆணி அடித்தார். “இனிமே யாரும் அசைக்க முடியாது, போதுமா?” அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அட்டவணை போடும்போது மற்ற முளைகளையெல்லாம் பிடுங்குவார். அந்த இரண்டைச் சுற்றித்தான் மீதியைக் கட்டுவார்.

டீச்சர் தன் பள்ளி நாட்களைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை முதல் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டாராம். அடுத்த புத்தகம் கேட்டதற்கு, “மத்தவங்க வர்ற வரைக்கும் சும்மா உக்காரு” என்று பதில் வந்ததாம். “எட்டு மாசம் உக்காந்தேன் சார். ஜன்னல்ல பதினேழு கம்பி” என்றார்.

வேகமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மூன்று வழிகள் இருந்தன. ஒரு வகுப்பைத் தாண்டி மேலே போகலாம். மாலையில் கல்லூரிக்குப் போய் அங்கே உட்காரலாம். அல்லது கல்லூரி மட்டப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, கல்வி வாரியத்தின் தேர்வை எழுதலாம். தேறினால் கல்லூரியில் முதலாண்டுக் கணிதத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் சிலர் கூட்டாளிகளை விட்டுத் தனியாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், பல வீடுகளில் விட மாட்டார்கள். மூன்றாவது வழிதான் நல்ல வழி. அது எங்கள் பள்ளியில் இல்லை.

அதைக் கேட்டு டீச்சர் நான்கு ஆண்டுகளில் வாரியத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினார். ஒன்பதாவதற்குப் பதில் வந்தது. கல்லூரி மட்டக் கணிதம் நடத்தலாம். ஆனால் குறைந்தது பதினைந்து மாணவர்கள் சேர வேண்டும். பட்டியல் குறித்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் வாரியத்தின் இணையப் பக்கத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி வேறு பள்ளிக்குப் போகும், நாங்கள் மறுபடி கேட்க ஐந்து ஆண்டு ஆகும். டீச்சர் ஓய்வுபெற நான்கு ஆண்டுதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்குச் சேர்ந்திருந்தவர்கள் பதினொரு பேர். இன்னும் நான்கு பேர் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். நால்வரும் எழுதிய காரணம் ஒன்றே: ‘அதே நேரத்தில் வாத்தியக் குழு.’ புதிய பாடத்துக்கு டீச்சரும் மேல்வகுப்புப் பிள்ளைகளும் ஒருசேர ஓய்வாக இருந்த நேரம் ஆறாம் பாடவேளை ஒன்றுதான். ஊதா முளைகளுக்கு நேர் கீழே பச்சை முளைகளைச் செருகியிருந்தார். இடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஆணி அடித்தது அடித்ததுதானே.

“அரங்கத்துச் சாவி குடுங்க சார். பிள்ளைங்களைக் கூட்டிவச்சு கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்குறேன்.”

சாவிப் பதிவேட்டை நகர்த்தினேன். யாராக இருந்தாலும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி. டீச்சர் பேனாவை எடுத்தார், எழுதவில்லை. முந்தைய பக்கத்தைப் புரட்டினார், அதற்கும் முந்தையதைப் புரட்டினார். விரல் வேகமாக இறங்கிக்கொண்டே போனது.

“சார், உடற்பயிற்சி இருக்கு, பரீட்சை இருக்கு, பெருக்குற அம்மா கையெழுத்து கூட இருக்கு. பேண்டு மாஸ்டர் கையெழுத்து எங்க?”

“அவருக்கு எதுக்கு டீச்சர்? பின்னாடி பழைய வண்டிக் கொட்டகையைச் சரி பண்ணிக் குடுத்தாச்சே. பதினாலு மாசமா தனிச் சாவி.”

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. தனிச் சாவி கொடுத்ததை என் கையால் எழுதியிருக்கிறேன். எதிரே பலகை. பதினான்கு மாதமாக இரண்டையும் தினமும் பார்க்கிறேன், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அரங்கமே வேண்டாம் என்றால் அந்த ஆணி எதற்கு?

“அப்போ வாத்தியக் குழு எட்டாம் பாடவேளைக்குப் போகலாமே!” டீச்சர் கத்தியதில் பக்கத்து அறைக் கணினி அக்கா எட்டிப் பார்த்தார். சாவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான்கு படிவங்களையும் அள்ளிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். அலுவலக நேரத்தில் நான் ஓடியது அதுதான் முதல்முறை.

கொட்டகையில் பேண்டு மாஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சுற்றிலும் அவர் பிள்ளைகள்.

“மாஸ்டர், உங்களை எட்டாம் பாடவேளைக்கு மாத்தினா வருவீங்களா?”

“தாராளமா. அப்பதான் பக்கத்துல கிளாஸ் இருக்காது, இஷ்டத்துக்கு அடிக்கலாம்.”

“அப்புறம் ஏன் சார் ஒரு வருஷமா வாயைத் தொறக்கல?”

“நீங்கதானே ஆணி அடிச்சீங்க!”

“நீங்கதானே அடிக்க வச்சீங்க!”

“நல்லா இருக்கே கதை. பன்னெண்டு வருஷம் முன்னாடி கோபத்துல சொன்னதை இன்னுமா புடிச்சுத் தொங்குறீங்க?” என்றவர், வாயில் சோற்றோடு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “டேய், யார்றா அந்த நாலு கணக்குப் புலி? எழுந்திரிங்க!”

நான்கு பேர் எழுந்தார்கள். இரண்டு மேளம், ஒரு குழல், ஒரு டிரம்பெட். அடித்த கோட்டின் பக்கத்தில் மாணவர் சுருக்கொப்பம் வைத்தால் படிவம் மறுபடி செல்லும் என்பது விதி. நால்வரும் மேளத்தின் மேலேயே படிவத்தை வைத்து ஒப்பமிட்டார்கள். பதினைந்து! ஆனால் பார்த்தால், டிரம்பெட் ஊதும் பெண்ணின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இல்லை.

“அம்மா யோசிச்சுச் சொல்றேன்னாங்க டீச்சர். அதுக்குள்ள நேரம் இடிக்குதுன்னு தெரிஞ்சுது, விட்டுட்டேன்.”

“அம்மா எங்க வேலை?”

“பஸ் ஸ்டாண்டுல, டிக்கெட் ஜன்னல்.”

பள்ளிக்கு வெளியே பெற்றோர் கையெழுத்துப் போட்டால் அலுவலகத்தார் ஒருவர் நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஆகவே டீச்சரோடும் அந்தப் பெண்ணோடும் நானும் போனேன். ஒன்று ஐம்பதுக்கு மூன்றாம் ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். எங்கள் முறை வந்தபோது இரண்டு மணி எட்டு நிமிடம்.

“எங்க போகணும்?” தலை நிமிராமல் கேட்டார் அந்த அம்மா.

“எங்கயும் போகலம்மா. உங்க பொண்ணு விஷயமா...”

“ஐயோ, அவளுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. இதோ நிக்கிறா பாருங்க.”

டீச்சர் ஜன்னலின் அரைவட்ட ஓட்டை வழியாகக் குனிந்து விஷயத்தைச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் பெட்டியோடு நின்றவர், “ஏங்க, இது டிக்கெட் கவுன்ட்டரா, பள்ளிக்கூடமா?” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி, “கொஞ்சம் இருப்பா, படிப்பு விஷயம்” என்று அவரை அடக்கினார்.

“ஏற்கனவே காலைலேருந்து ஊதிக்கிட்டே இருக்கா. இதுல காலேஜ் கணக்கு வேறயா? தோத்துட்டா மார்க் ஷீட்டுல காலத்துக்கும் நிக்குமே டீச்சர்?”

“நாலு வாரம் உக்காந்து பாக்கட்டும்மா. ஒத்து வரலன்னா பழைய வகுப்புக்கே வந்துடலாம். எங்கயும் எழுத மாட்டாங்க.”

“யாரு எழுத மாட்டாங்க?”

டீச்சர் என்னைக் காட்டினார். “இவர்தான் எழுதறவர்.”

அந்த அம்மா கண்ணாடி வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க எழுத மாட்டீங்களா?”

“நாலு வாரத்துக்குள்ள வந்துட்டா எழுதக் கூடாதுன்னே விதி இருக்கும்மா. பதினோராம் விதி.”

“அஞ்சாவது வாரம் வந்தா?”

“எழுதிடுவேன்.”

டீச்சர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஆனால் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவர் சொன்னா நம்பலாம்” என்றவர், மகள் பக்கம் திரும்பினார். “உனக்கு வேணுமாடி? அவங்க ஆசைப்படறாங்க, சரி. உனக்கு?”

“வேணும்மா. இப்ப இருக்கற வகுப்புல சார் கணக்கைப் போர்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்கு விடை வந்துடும். மிச்ச நேரமெல்லாம் மின்விசிறி சுத்தறதை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த டீச்சரின் கை இறுகியது.

“இத்தனை நாள் இதை ஏன்டி என்கிட்ட சொல்லல? படிவத்தைத் தள்ளு இப்படி.”

கையெழுத்து ஓட்டை வழியாக வெளியே வந்தபோது இரண்டு பதினேழு. நான் சுவரில் வைத்துச் சான்றொப்பமிட்டேன். “என்ன, பாஸாயிட்டாளா?” என்றார் பெட்டிக்காரர். “இனிமேத்தாங்க சேரவே போறா!” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு டீச்சர் நடையைக் கட்டினார். நடை என்றா சொன்னேன்? பாதி வழியில் செருப்பு இரண்டும் கைக்கு வந்துவிட்டன. டிரம்பெட் பெண் படிவத்தோடு எங்களுக்கு நூறடி முன்னால் பறந்தாள்.

கணினி அக்கா பதினான்கு பெயர்களை ஏற்கனவே ஏற்றி வைத்திருந்தார். பதினைந்தாவதை ஏற்றும்போது திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியர், பேண்டு மாஸ்டர், காவலாளி எல்லோரும் கணினி அக்காவின் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“மூச்சு விடாதீங்க எல்லாரும். மெஷின் பயப்படுது” என்றார் அக்கா.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்குத் திரையில் வந்தது: ‘பட்டியல் ஏற்கப்பட்டது. மாணவர் எண்ணிக்கை 15.’

அலுவலகத்துக்குள் டிரம்பெட் ஊதக் கூடாது என்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. அன்று அது ஊதப்பட்டது, மேளமும் சேர்ந்துகொண்டது. தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பேண்டு மாஸ்டர் எங்கிருந்தோ குறடு கொண்டுவந்தார். “நீங்க அடிச்சது, நான் புடுங்குறேன். கணக்கு நேராயிடும்.” பன்னிரண்டு வருட ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது, இன்னொன்றும் வந்தது. டீச்சர் ஊதா முளைகளை எடுத்து எட்டாம் பாடவேளைக்கு மேலே பிடித்தார், செருகவில்லை. எட்டில் வாத்தியம் வந்தால் அங்கிருக்கும் ஓவிய வகுப்பு நகர வேண்டும், ஓவியம் நகர்ந்தால் அறிவியல் கூடம் நகர வேண்டும். மொத்தம் எத்தனை முளை நகர வேண்டும் என்று உதடு அசைய எண்ணினார். நான் பக்கத்தில் நின்று தாளில் குறித்தேன்.

“நாப்பத்தொண்ணு” என்றார்.

“நாற்பத்தொண்ணுதான்” என்றேன்.

பேண்டு மாஸ்டருக்கு முகம் மாறியது. “நாப்பத்தோரு முளையா? என்னாலயா? திங்கக்கிழமைக்குள்ள ஆகுமா டீச்சர்?”

டீச்சரின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு களை இருந்தது. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். கால்களில் இன்னும் செருப்பு இல்லை.

“அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்க சார். இன்னிக்கே முடிச்சிடலாம். என்ன சுகமான வேலை!”