இரண்டு அறைக்கான விறகு

மஸ்தோனா எங்கள் ஊருக்கு வாழ வந்தது கீழே சமவெளியில் இருக்கும் ஒரு பருத்திக் கிராமத்திலிருந்து. அங்கே குளிர் என்றால் இன்னொரு சட்டையை மேலே போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஸரஃப்ஷான் ஆற்றின் மேல்முனையில் இருக்கும் எங்கள் ஊரில் குளிர் என்றால் அரை வருஷம் அடுப்போடு குடித்தனம். முதல் வருஷம் அது அவளுக்குப் புரியவில்லை. அவள் புருஷன் சங்கீனுக்கும் தனிக்குடித்தனம் புதிது. சுவரோரம் இடுப்பளவு அடுக்கியிருந்த விறகைப் பார்த்து, தாராளமாகப் போதும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

பனி இளகுவதற்கு வெகு முன்னாலேயே அது தீர்ந்துபோனது. கோழிக்கூண்டை உடைத்து எரித்தார்கள். அப்புறம் ஏணி. அக்கம்பக்கத்தில் கேட்கச் சங்கீனுக்குக் கூச்சம். கடைசியில் கூச்சத்தை விட்டுக் கேட்டு வாங்கி வந்தபோது, தொட்டிலில் கிடந்த அவர்களுடைய ஆண் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இரண்டு நாள் மூச்சு இரைத்தது. பிறகு நின்றுவிட்டது.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெயில் காலத்தில் நாங்கள் கூரைமேல் பாதாமிப் பழம் காயவைத்துக்கொண்டிருப்போம். அவள் கழுதையை ஓட்டிக்கொண்டு மலைச்சரிவில் முள்ளுப்புதர் வெட்டப் போய்க்கொண்டிருப்பாள். ஆற்றில் வெள்ளம் வரும்போது மிதந்து வரும் கட்டைகளைக் கயிற்றில் கொக்கி கட்டி இழுப்பாள். சாணத்தைப் பிசைந்து வெயில்படும் சுவரெல்லாம் வரட்டி தட்டுவாள். காய்ந்த மரத்தை வாதுமை, வில்லோ, நெட்டிலிங்கம் என்று தனித்தனியாகப் பிரித்து அடுக்குவாள்.

பக்கத்து வீட்டு ஷோஹிதாவுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"ஏண்டி, இந்த வருஷம் மலையையே சூடாக்கப் போறியா?"

"உன் வாய் இருக்கே, அதை வீட்டுக்குள்ள வச்சா எனக்கு விறகே வேண்டாம். அவ்வளவு சூடு."

"வச்சுக்கோ, வச்சுக்கோ. மாசியில உன் வாசல்ல வந்து நிக்கிறவ நான்தானே."

அது உண்மைதான். குளிர் முடிகிற சமயத்தில் ஷோஹிதா கை நீட்டுவாள். மஸ்தோனா திட்டிக்கொண்டே கொடுப்பாள்.

ஜேபோ என்று ஒரு மகள் பிறந்து வளர்ந்தாள். சங்கீன் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரையும்போல ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வந்தபோதெல்லாம் வீட்டை ஒட்டி இரண்டாவது அறை ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினான். மண் சுவர், பெரிய ஜன்னல், கூரைக்கு நெட்டிலிங்க உத்தரம். அறை முடிந்தது. ஆனால் அதில் யாரும் குளிர்காலத்தில் படுத்ததில்லை. ஒரு அறையைச் சூடாக்குவதற்கே ஒரு கோடை முழுக்க அலைய வேண்டியிருக்கிறது. இரண்டாவது அறைக்கு யார் அலைவது?

ஒரு வருஷம் கோடையில் அவன் மஸ்தோனாவிடம் போனில் சொன்னான்.

"புள்ள, இதோட போதும். முதுகு வளைய மாட்டேங்குது. பனிக்காலத்துக்குள்ள வந்துடுறேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"இந்தத் தடவை நெசம். அந்தப் பெரிய அறையில அடுப்பு போட்டு வை. ஜன்னலோரம் படுத்துக்கிட்டு பனி விழறதைப் பாக்கணும். இங்க பனியில நின்னு வேலை செஞ்சேனே தவிர, ஒரு நாளும் உக்காந்து பாத்ததில்ல."

"ரெண்டு அறைக்கு விறகுக்கு நான் எங்கங்க போவேன்?"

"உன்னால முடியாததா?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. மேல்சரிவுவரை போனாள். தோட்டத்தில் பட்டுப்போன இரண்டு பாதாமி மரங்களின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க நாள்கணக்கில் கோடரி போட்டாள். குவியல் ஜன்னலைத் தாண்டி, கூரை விளிம்பைத் தொட்டது. சந்தையிலிருந்து தகர அடுப்பு ஒன்று வந்தது; மகளும் அவளும் புகைக்குழாயைக் கூரை வழியே ஏற்றினார்கள். கையெல்லாம் வெடித்து, முள் குத்திய இடம் பழுத்திருந்தது. முகத்தில் மட்டும் புதுப்பெண் மாதிரி ஒரு வெட்கம்.

பனி விழுந்தது. இன்னும் ஒரு கட்டடம் பாக்கி என்று சங்கீன் போனில் சொன்னான். சில நாளில் மறுபடி பனி விழுந்தது. கடுங்குளிரின் நடுவில் சங்கீனின் தம்பி மிர்சோ வந்து வாசலில் நின்றான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணி."

அவள் கணப்பில் வரட்டி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்க விழுந்தாரு?" என்றாள்.

"சாரத்துலேருந்து. பலகையில பனி உறைஞ்சு கிடந்திருக்கு." அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "அனுப்பி வைக்கிறாங்க, அண்ணி. கூட வேலை செஞ்சவங்க ஏற்பாடு பண்ணிட்டாங்க."

பெட்டி எங்கள் நாட்டுத் தலைநகருக்கு விமானத்தில் வந்து, லாரியில் ஏறி, பனி மூடிய கடைசித் தூரத்தை ஆண்கள் தோளில் கடந்து வருவதற்குள், ஊருக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. மையவாடியில் குழி வெட்டப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கடப்பாரை போட்ட இடத்தில் பொறிதான் பறந்தது. மண் இரும்பாகக் கிடந்தது.

"தீ மூட்டித்தான் இளக்கணும்," என்றான் மிர்சோ. "ஆனா விறகு?"

அந்தக் குளிரில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பில் போடும் கட்டையைக் கையில் நிறுத்துப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். கொடுத்தால் நம் பிள்ளைகள் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் ஒரே நினைப்பு. அதற்காக வெட்கமும் இருந்தது.

பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மஸ்தோனா எழுந்து வந்தாள்.

"வெளிய இருக்கில்ல, எடுங்க."

"அண்ணி, உங்களுக்கும் ஜேபோவுக்கும் இன்னும் பாதிக் குளிர் பாக்கி இருக்கு."

"பாதி அவருக்குன்னு சேத்ததுதான். எடு." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "நெட்டிலிங்கத்தைத் தொடாத, அது காகிதம் மாதிரி எரிஞ்சு போயிடும். பாதாமி வேர்க்கட்டையை அடியில போடு. தணலானதும் மேல தகரத்தைப் போட்டு மூடு. சூடு கீழ எறங்கட்டும்."

காலையில் மூட்டிய தீ. ஒரு சாண் இளகும், வெட்டுவார்கள், மறுபடி மூட்டுவார்கள். சாயங்காலம் பெட்டி வந்து சேர்ந்தபோது குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. மறுநாள்வரை உடலை எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. புது அறையில்தான் இடம் இருந்தது. பெட்டியை ஜன்னலோரம் இறக்கினார்கள்.

உள்ளே வந்த கிழவர் ஒருவர், "இங்க தீ மூட்டிடாதீங்க. அறை குளிர்ச்சியா இருக்கணும்," என்றார். சரியான பேச்சுதான். மஸ்தோனா அதுவரை அழவில்லை. அப்போதுதான் புது அடுப்பைப் பார்த்தாள். உள்ளே, பற்றவைக்கத் தோதாகச் சுள்ளிகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து அந்தச் சுள்ளிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எடுக்க எடுக்க அவளிடமிருந்து வந்த சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. ஜேபோ தாயின் தோளைப் பிடித்தாள். அவளாலும் நிறுத்த முடியவில்லை.

மறுநாள் மதியம்வரை தீ எரிந்தது. எங்கள் பக்கம் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. மஸ்தோனா கூரைமேல் நின்று, சரிவில் எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகை நின்றதும் குழி முடிந்தது என்று தெரிந்துகொண்டாள். ஜனாஸா தொழுகை நடந்தது. கொண்டுபோனார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்தபின் குவியலைப் பார்த்தால், கணுக்கால் உயரம்தான் மிச்சம். நெட்டிலிங்கமும் கொஞ்சம் முள்ளும். ஷோஹிதா சூப்புப் பானையோடு வந்தவள் அதைப் பார்த்தாள். பானையை வைத்துவிட்டு மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"எங்க வீட்டுக்கு வர்றீங்க. ஒரு அடுப்பு, ரெண்டு குடும்பம்."

"வேணாம் ஷோஹிதா. என் வீட்டுல நான் இருக்கேன்."

"உன் வீட்டுல இருந்து என்னத்த எரிப்ப? ஏணியவா?" சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மஸ்தோனா எழுந்து மெத்தையின் மறுமுனையைப் பிடித்தாள்.

பனி இளகும்வரை எட்டுப் பேர் அந்த ஒரே அறையில் கிடந்தார்கள். மஸ்தோனா கதவோரம் படுப்பாள். அடுப்புப் பக்கம் வரச் சொன்னால், "இங்கயே இருக்கேன்" என்பாள்.

அடுத்த கோடையில் அவள் மலைக்குப் போகவில்லை. கோடரி துருப்பிடித்தது. ஷோஹிதா தன் கழுதையில் இரண்டு வீட்டுக்குமாக முள் வெட்டி வந்தாள். இறக்கும்போது பழையபடி சீண்டிப் பார்ப்பாள்; மஸ்தோனா எழுந்து உள்ளே போய்விடுவாள். ஜேபோவுக்குத் தலைநகரில் கல்யாணமானது. நாலாவது மாடியில் வீடு, சுவரோரக் குழாயில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும். தாயை அங்கே கூட்டிப்போனாள்.

மஸ்தோனா குழாயில் கை வைத்துப் பார்த்தாளாம்.

"இதை யாரு மூட்டுறாங்க?"

"எங்கயோ தூரத்துல ஒரு பெரிய கொதிகலன் இருக்கும்மா. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

குளிர்காலம் முழுக்க அவள் சும்மா இருந்தாள். விடியுமுன் எழுந்து, செய்ய ஒன்றும் இல்லாமல், குழாயோரம் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று ஜேபோ சொன்னாள். வசந்தம் வருவதற்குள் அங்கேயே இறந்துபோனாள். அந்த நகரத்து மண் அவ்வளவாக உறைவதில்லை. மண்வெட்டியாலேயே தோண்டிவிட்டார்கள்.