கண்ணாடி மேல் வைத்த பொட்டு

போலந்தில் வேலை பார்க்கும் என் கொழுந்தனின் மனைவி, லீவுக்கு ஸ்ரீரங்கம் வந்தபோது ஒரு படம் கொண்டுவந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டுக்காரர் ஒருவர் வரைந்த ஓவியத்தின் பிரதி. தாழ்வான கூரை போட்ட அறை. ஜன்னலோரம் கறுப்பு கவுன் போட்ட ஒரு பெண் துணி தைக்கிறாள். காலடியில் குழந்தை, அடுப்பில் கெட்டில். வேறொன்றும் இல்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் ஃபிரேம் போட்டு வந்ததும், ஹாலில் சாமி படங்களின் வரிசையிலேயே மாட்டச் சொன்னார் மாமியார். ஆணி அங்கேதான் இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டது. பூஜை முடித்து, குங்குமக் கிண்ணத்தோடு ஒவ்வொரு படமாக வந்த மாமியார் அவள் முன்னால் நின்றார். “பாவம், நெத்தி வெறிச்சுன்னு இருக்கே. நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணு இப்படி இருக்கலாமா?” என்று கண்ணாடியின் மேல் பொட்டு வைத்தார். பிறகு மாடியில் குடியிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் வைத்தார். நான் பக்கத்தில் சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் இறந்து நான்கு வருடம். ஆபீசுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு போனால் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தக் கிண்ணத்துக் குங்குமம் மட்டும் எனக்குக் கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு காகிதப் பெண்மேல் பொறாமைப்பட்டேன். வாரா வாரம் பழைய பொட்டைத் துடைத்துக் கண்ணாடியைப் பளபளவென்று வைப்பது என் வேலை. புதுப் பொட்டு அவளுக்கு. “நீ என்னடி பெரிய இவ?” என்று துடைக்கும்போதெல்லாம் முணுமுணுத்திருக்கிறேன். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஆடி மாதம் ஓரகத்தி போனில் பேசினாள். “அக்கா, அந்தப் படத்துல இருக்கிற பொம்பளைக்குப் புருஷன் இல்லையாம். துக்கத்துக்குத்தான் கறுப்புத் துணியாம். இங்க ஒருத்தர் இப்பதான் சொன்னார். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க.”

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் தாங்கினேன். வெள்ளிக்கிழமை, மாமியார் குங்குமத்தை விரலில் தொட்டு அவள் நெற்றிக்குக் கொண்டுபோனபோது வாய் தன்னால் திறந்துகொண்டது.

“அத்தை, அவளும் என்னைப் போலத்தாங்க. புருஷன் போயிட்டாராம்.”

விரல் அப்படியே நின்றது. மாமியார் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த விரல் என் பக்கம் திரும்பும் என்று ஒரு நொடி நம்பினேன். நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கூட இருப்பேன்.

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார் மெதுவாக. விரலில் இருந்த குங்குமத்தைக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவளுக்குப் பொட்டு இல்லை. புருஷன் இல்லாத ஒருத்திக்கு இந்த வீட்டில் குங்குமம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தவள் நான்.